வெள்ளையடிக்கும் முன் ஒரு கேள்வி!

‘ஆடி கழியட்டும்... ஆவணி பிறந்ததும் பத்திரப் பதிவை வைத்துக்கொள்ளலாம்!’

வீட்டை விற்பது என்று முடிவானதும் பெரியவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அப்புறம் கிழமை பார்க்கிறோம். அஷ்டமி, நவமி தவிர்க்கிறோம். அட்வான்ஸ் வாங்குவதைக்கூட ராகு காலம், எமகண்டம் கழித்தே வாங்குகிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால், நல்ல நேரத்தில் கொடுத்தால் மட்டும் போதுமா? நல்லவிதமாகவும் கொடுக்க வேண்டாமா?

யாரும் ஆசைப்பட்டு வீட்டை விற்பதில்லை. பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு என்று தோன்றுகிறது. மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிக்க வேண்டியிருக்கிறது. பெண் கல்யாணம், வைத்தியச் செலவு, அடைக்க வேண்டிய கடன் என்று ஆயிரம் காரணங்கள். ‘மாமனார் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை விற்பது பாவமா?’ என்று மனம் கிடந்து தவிக்கும் சகோதரிகள் பலர்.

பாவமில்லை, அம்மா! மண்ணும் மனையும் கை மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் இடமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் வயலாகவோ தோப்பாகவோ இருந்ததுதானே? எனவே, விற்கலாமா என்பதல்ல கேள்வி. எப்படி விற்கிறோம் என்பதுதான்.

அந்தக் கேள்வி பத்திர ஆபீஸில் வருவதில்லை. அதற்குப் பல நாட்கள் முன்பே, பெயிண்டர் வாளியோடு வாசலில் வந்து நிற்கும்போதே வந்துவிடுகிறது!

சுவரில் ஒரு கோடு

சென்னையில் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் மறந்திருக்காது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் பெய்த மழையும் சேர்ந்து, அடையாறு கரைபுரண்டு ஓடியது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எனப் பல பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டையும் பார்த்தோம்.

வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு தெரியும், கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் எந்த உயரம் வரை நின்றதென்று காட்டும் பழுப்புக் கோடு. எத்தனை துடைத்தாலும் அதன் சாயல் லேசாக நிற்கும்.

இப்போது பெயிண்டர் கேட்கிறார்... ‘ரெண்டு கோட் புட்டி வெச்சு, மேல பெயிண்ட் அடிச்சா ஒண்ணுமே தெரியாதும்மா. அடிச்சுடலாமா?’

அவர் சுவரைப் பற்றித்தான் கேட்கிறார். ஆனால், அது நம் மனசாட்சியிடம் கேட்ட கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

விற்கப்போகும் வீட்டைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பளிச்சென்று வைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணுக்குப் பட்டுக் கட்டி, பூ வைத்து உட்கார வைப்பதில்லையா? அது அலங்காரம். ஆனால், பெண்ணுக்கு இருக்கும் ஒரு நோயை மறைத்துக் கல்யாணம் முடித்தால் அது அலங்காரமா? பெயிண்டும் அப்படித்தான். அழகுக்கு அடிக்கும் பெயிண்ட் உண்டு. மறைப்பதற்கு அடிக்கும் பெயிண்டும் உண்டு. டப்பா ஒன்றுதான், கூலி ஒன்றுதான். எது எது என்று அடிக்கச் சொல்கிறவருக்கு மட்டுமே தெரியும்.

இரண்டு பிரார்த்தனைகள்

மனை, வீடு விற்காமல் இழுத்துக்கொண்டே போனால் திருச்சிக்கு அருகே மண்ணச்சநல்லூர் பூமிநாத சுவாமியை வேண்டிக்கொள்வது வழக்கம். சொந்த வீடு அமைய வேண்டும் என்பவர்களோ சென்னைக்கு அருகிலுள்ள சிறுவாபுரிக்குப் போய், பாலசுப்பிரமணிய சுவாமி சந்நிதியில் ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து தரிசனம் செய்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘நல்ல விலைக்கு வீடு போகணும், சுவாமி’ என்று நீங்கள் பூமிநாதரை வேண்டியிருப்பீர்கள். உங்கள் வீட்டைப் பார்க்க வருகிற அந்தப் பெண்ணோ, செவ்வாய்தோறும் பஸ் பிடித்துச் சிறுவாபுரி போய், ‘ஒரு நல்ல வீடு அமையணும் முருகா’ என்று அழுதுவிட்டு வந்தவளாக இருக்கலாம். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகில் இருக்கலாம். இருபது வருஷத்துக்கு மாதத் தவணை கட்டப்போகிறவளாக இருக்கலாம்.

இரண்டு பிரார்த்தனைகளும் வந்து சேருகிற இடம் உங்கள் வாசல். உங்கள் வேண்டுதல் பலித்து, அவளுடையது பொய்த்துப்போனால் அதை அருள் என்று எப்படிச் சொல்வது?

புதையல் குடம்

உபந்நியாசங்களில் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், சாரம் ஒன்றுதான்.

தர்மபுத்திரர் ஆட்சியில் ஒருவர் தன் நிலத்தை இன்னொருவருக்கு விற்றார். வாங்கியவர் உழுதபோது மண்ணுக்குள் ஒரு குடம். திறந்தால் பொற்காசுகள்! அதை விற்றவரிடமே கொண்டுபோனார். ‘நான் நிலத்துக்குத்தான் விலை கொடுத்தேன், புதையலுக்கு இல்லை. இது உங்களுடையது’ என்றார். விற்றவரோ, ‘நிலத்தை விற்றபோதே அதிலிருந்த எல்லாமும் உமக்குப் போய்விட்டது. எனக்கு வேண்டாம்’ என்றார். வழக்கு தர்மபுத்திரரிடம் போனது. ‘சில நாள் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பிவைத்தார். அதற்குள் கலி பிறந்துவிட்டது. மறுபடி வந்தபோது, ‘குடம் எனக்கே!’ என்று இருவரும் அடித்துக்கொண்டார்களாம்.

கலியின் கெடுதலைச் சொல்லும் கதை என்றே இதைக் கேட்டுவிட்டுப் போகிறோம். வீடு விற்பவர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தக் கதையில் மண்ணுக்குள் இருந்த குடம் இருவருக்குமே தெரியாது. நம் வீடுகளிலும் மண்ணுக்குள், சுவருக்குள் புதைந்தவை உண்டு. அவை தங்கமில்லை. போர்ட்டிகோ கட்டுவதற்காக மூடிய பழைய கிணறு... ஐப்பசி மழை வந்தால் ஓதம் ஏறும் பின்கட்டுச் சுவர்... சித்திரையில் உப்புக் கரிக்கும் போர்வெல்... பக்கத்து வீட்டுக்காரரோடு முடியாத பொதுச்சுவர்த் தகராறு! இவையும் புதையல்கள்தான். ஒரே ஒரு வித்தியாசம்... இந்தக் குடம் எங்கே இருக்கிறதென்று விற்பவருக்கு நன்றாகத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது.

‘எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.’ வீடு விற்பதில் பாவம் என்று ஒன்று இருந்தால், அது இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவேதான் குடியிருக்கிறது.

கோயில் சுவரே சாட்சி

பழைய கோயில்களில் பிராகாரம் வலம் வரும்போது சுவரெங்கும் கல்வெட்டுகளைப் பார்க்கிறோம். அவற்றில் பல, நிலம் விற்றதையும் தானம் தந்ததையும் சொல்கிற ஆவணங்கள். கிழக்கெல்லை எது, தெற்கெல்லை எது என்று நான்கு திசையும் சொல்லி, மேலே ஓங்கிய மரம், கீழே இறங்கிய கிணறு, உடும்பு ஓடி ஆமை தவழும் இடம் வரை ஒன்றுவிடாமல் அடுக்குவார்கள். எல்லாரும் பார்க்கும்படி, சுவாமி முன்னிலையில், கல்லில்!

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும், வீட்டை விற்பதென்றால் அக்கம்பக்கத்துக் குடும்பத்தார் கூடியிருக்க, வீட்டின் முன்பாகவே அறிவிக்க வேண்டும் என்கிறது. அக்கம்பக்கத்தாருக்கு எல்லாம் தெரியுமே! அவர்களை வைத்துக்கொண்டு எதை மறைக்க முடியும்? காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் பழிக்கு அஞ்சி உண்மை பேசியதையும், விலையை வெளிப்படையாகச் சொன்னதையும், பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பார்த்ததையும்தான் பெருமையாகச் சொல்கிறது.

அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 55-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவரே அதைச் சொல்லியாக வேண்டும். வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, சொல்லாமல் விடுவதை ‘மோசடி’ என்றே அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது.

‘பார்த்துத்தானே வாங்குகிறார்?’

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. புரோக்கரும் அதையே சொல்வார். ‘நீங்களா எதுக்கும்மா வாயைக் கொடுக்கறீங்க? அவங்க கண்ணால பார்த்துத்தானே வாங்கறாங்க!’

இதில் பாதி நியாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் விரிசலை நாம் விரல் நீட்டிக் காட்ட வேண்டுமென்று சட்டம்கூடச் சொல்லவில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரிந்த விரிசலை நாம் பூசி மறைத்துவிட்டு, ‘பார்த்துத்தானே வாங்கினார்’ என்றால்? பார்க்க முடியாதபடி செய்தது யார்? அவர் கண்ணை நாம் கட்டிவிட்டு, ‘உனக்குத்தான் கண் இருக்கிறதே’ என்று கேட்பது போலல்லவா அது!

அப்படியானால் வெள்ளையே அடிக்கக் கூடாதா? தாராளமாக அடியுங்கள். ஓதம் இருந்தால், அதன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, பிறகு அடியுங்கள். கொத்தனார் கூலி, சாமான் வாங்கிய ரசீது எல்லாம் வைத்திருந்து, ‘இங்கே கசிவு இருந்தது, இப்படிச் சரிசெய்தோம்’ என்று சொல்லுங்கள். சரிசெய்யக் கையில் பணம் இல்லையா? இவ்வளவு செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டு, விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழுது பார்ப்பது புண்ணியம். பழுதை மறைப்பதுதான் வேறு கணக்கு.

‘உண்மையைச் சொன்னால் அதைவிட நல்ல விலை வரும், பகவான் பார்த்துக்கொள்வார்’ என்று இங்கே எழுதிவிடலாம். படிக்க இதமாக இருக்கும். ஆனால், அப்படி வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது. வெள்ளக் கோட்டைச் சொன்னால் சில லட்சங்கள் குறையலாம். முதலில் வந்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம். பெண் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு நிற்கும் தாய்க்கு அது சாதாரண இழப்பில்லை.

ஆனாலும் ஒன்று உண்டு. அந்தச் சில லட்சங்கள், அடுத்த மழையில் வாங்கியவர் வீட்டுக் கூடத்தில் தண்ணீராக வந்து நிற்கும். அவருடைய குழந்தையின் பாடப் புத்தகங்கள் மிதக்கும். அவர் அதைச் சொல்லி அழும்போது நம் பெயரைச் சேர்த்துச் சொல்வார். நஷ்டம் இல்லாமல் போகவில்லை, நம் தோளிலிருந்து அவர் தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் வாங்கிய நகையைப் பெண் கழுத்தில் போடும்போது நம் கை சற்றே தயங்காதா?

சில சமயம் வாங்குபவர் குடியிருக்க வராமல், இடித்து ஃபிளாட் கட்ட வரும் பில்டராக இருப்பார். சுவர் விரிசல் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால், மூடிய கிணறும், வெள்ளம் வந்த உயரமும், எல்லைத் தகராறும் அங்கேயும் சொல்ல வேண்டியவைதான். நாளை அந்த மண்ணின் மேல் எத்தனை குடும்பங்கள் குடிவரப் போகின்றனவோ!

எதைச் சொல்ல வேண்டாம்?

உண்மை பேசுவது என்றால் வீட்டுக் கதை முழுவதையும் வருகிறவரிடம் கொட்ட வேண்டும் என்பதில்லை. மகனுக்கு வியாபாரத்தில் நஷ்டம், அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை... இதெல்லாம் உங்கள் சொந்த விஷயம். சொல்லாததால் வாங்குபவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

‘இந்த வீட்டில்தான் மாமியார் காலமானார். அதைச் சொல்ல வேண்டுமா?’ வயதாகி, பிள்ளைகள் சூழ இருக்க, ஒருவர் கண்மூடிய வீடு குறையுள்ள வீடு அல்ல. சாவு நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வரச் சொன்ன புத்தர் கதையில், அப்படி ஒரு வீடு கிடைக்கவே இல்லையே! அதே சமயம், தெருவே இன்னும் பேசும் துர்மரணம் ஏதாவது நடந்திருந்தால், குடிவந்த வாரமே பக்கத்து வீட்டில் அவர் காதில் போட்டுவிடுவார்கள். அதை அட்வான்ஸ் வாங்கும் முன், உங்கள் வாயால் அவர் கேட்பதே முறை.

ஜோசியர் ஒருவர் உங்களிடம் ‘வாஸ்து சரியில்லை’ என்றார் என்பதைப் பரப்ப வேண்டியதில்லை. அது உங்கள் ஜாதகத்தோடு சேர்த்து அவர் சொன்ன கருத்து. அதேபோல, ‘ரொம்ப ராசியான வீடு, வாங்கினதும் எங்கேயோ போயிடுவீங்க’ என்று நீங்களாக அளக்கவும் வேண்டாம்.

குழப்பமாக இருந்தால் இந்த ஒரு உரைகல் போதும். ஆறு மாதம் கழித்து அவருக்கே தெரிய வந்தால், ‘முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்று மனம் நோவாரா? நோவார் என்று தோன்றினால், இன்றே சொல்லிவிடுங்கள்.

நாத்தனாரின் கையெழுத்து

வாங்குபவரிடம் மட்டும்தான் மறைக்கிறோமா என்ன? பூர்வீக வீடு என்றால் கூடப் பிறந்தவளின் கையெழுத்து வேண்டியிருக்கும். ஊரிலிருந்து வரச் சொல்லி, நல்ல சாப்பாடு போட்டு, ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்... இங்கே போடு’ என்பார்கள். அவளும் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுவாள்.

உயில் எழுதாமல் காலமான தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு உண்டு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் வந்த திருத்தம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் பிறப்புரிமை தந்தது. 2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம், மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது.

இதில் உங்கள் பங்கு என்ன என்கிறீர்களா? நீங்கள் ஒரு வீட்டுக்கு அண்ணி. இன்னொரு வீட்டுக்கு நாத்தனார்! புகுந்த வீட்டில் உங்கள் நாத்தனாரிடம் எப்படிக் கையெழுத்து வாங்குகிறார்களோ, அப்படியே பிறந்த வீட்டில் உங்களிடம் வாங்கினால் மனம் ஒப்புமா? ‘எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது’ என்பது இங்கேயும் வந்துவிடுகிறதே!

வீடு என்ன விலைக்குப் போகிறது, அவளுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று முதலில் சொல்லட்டும். எல்லாம் தெரிந்த பின், ‘எனக்கு வேண்டாம் அண்ணா, தாய்வீடு என்று வந்து போக இடமிருந்தால் போதும்’ என்று அவள் விட்டுக்கொடுத்தால், அது அவளுடைய தர்மம். தெரியாமல் விட்டுப்போனதற்கு விட்டுக்கொடுத்தது என்று பெயர் கிடையாது.

பூஜையறையிலிருந்து விடைபெறும் நாள்

எல்லாம் முடிந்து சாவியைக் கொடுக்கும் நாள் வரும். சாமான் லாரியில் ஏறும் முன், சுவாமி படங்களையும் விளக்கையும் தனியாக எடுத்து, உங்களுடனேயே கொண்டுபோங்கள். கண்ணாடி உடைந்த படங்களை அரச மரத்தடியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இத்தனை வருஷம் கும்பிட்ட தெய்வத்தைத் தெருவில் விடுவது எந்த விதத்தில் நியாயம்? துளசி மாடம் அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கன்றை மட்டும் தொட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ச்செடி வரப்போகிறவளுக்கு.

கடைசி நாள் மாலையில் வீட்டைப் பெருக்கித் துடைத்து, நிலைவாசலுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு விளக்கேற்றி, ‘இத்தனை காலம் எங்களைத் தாங்கினாய். வருகிறவர்களையும் தாங்கு’ என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். போர்வெல் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் எப்படி, எந்தச் சுவரில் குழாய் ஓடுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் தேங்கும், மொட்டைமாடியில் எந்த மூலையை வருஷா வருஷம் கவனிக்க வேண்டும், 2015-ல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது... உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கைப்பட எழுதுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம் சட்டம் கேட்பவை. இந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும், அந்த வீட்டில் இத்தனை வருஷம் விழித்துக் கிடந்து நீங்கள் சம்பாதித்த அறிவு அது. அதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வீட்டை முழுதாகக் கொடுத்ததாகும்.

கிரகப்பிரவேசத்தன்று அந்தப் பெண் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் ஏந்தி, வலது காலை வைத்து உள்ளே வருவாள். நீங்கள் பல ஆயிரம் வேளை சமைத்த அதே அடுப்பங்கரையில் பால் காய்ச்சுவாள். பால் பொங்கி வழியும்போது, அவளுக்குத் தெரியாத எதுவும் அந்தச் சுவருக்குள் ஒளிந்திருக்கக் கூடாது.

பெயிண்டரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறீர்களா? நல்லது. அவர் வருமுன், கையில் விளக்கோடு ஒரு முறை வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். எந்தச் சுவரை முதலில் மூட வேண்டும் என்று தோன்றுகிறதோ, அந்தச் சுவரை, வாங்க வருகிறவரிடம் முதலில் காட்டுங்கள்!